இரண்டு விரலில் சுழலும் கம்பி

வணக்கம் நேயர்களே. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "டேப்பெட் சத்தத்தை நிறுத்த முடியுமா?" வால்வைத் திறக்கும் பாகங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் வரும் தட்டல் அது. டீ வந்து இரண்டு வாய் குடித்த பிறகு அடுத்தது வரும்: "வண்டியை இன்னும் கொஞ்சம் வேகமாக்க வால்வு பக்கம் என்ன மாற்றலாம்?" இந்த இரண்டு ஆசையும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த இன்ஜின் இது. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, பிறகு திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாமலே வந்துகொண்டிருந்தது. 350-இல் பிஸ்டன் விட்டம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90. அகலம் குறைவு, உயரம் அதிகம். நிதானமாக இழுக்கப் பிறந்த இன்ஜின், ஓட்டப் பந்தயத்துக்கு அல்ல.

உள்ளே நடப்பது எளிதுதான். ஒரு பக்கம் மூக்குபோல் புடைத்த சக்கரம்தான் கேம்; அது சுற்றும்போது அந்த மூக்கு, மேலே உட்கார்ந்திருக்கும் டேப்பெட் என்ற சின்ன உருளையைத் தூக்கும். டேப்பெட் புஷ் ராடு என்ற நீளக் கம்பியைத் தள்ளும். புஷ் ராடு, சீசாப் பலகை மாதிரி ஆடும் ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வை அமுக்கித் திறக்கும். மூடுவது மட்டும் ஸ்பிரிங் வேலை. நிமிடத்துக்கு 5,400 சுற்றில் ஓட்டினால் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 45 முறை திறந்து மூட வேண்டும். ஸ்பிரிங்கால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாவிட்டால் டேப்பெட் கேமை விட்டுத் தாவும், வால்வு நேரத்துக்கு மூடாது. இன்ஜின் மேல் வேகத்தில் ஒரு மாதிரி குழறும்.

உடனே நமக்குத் தோன்றுவது என்ன? கெட்டியான ஸ்பிரிங் போடலாம். நானும் போட்டிருக்கிறேன். இளவயதில், சொந்த வண்டியில், கடைக்காரர் காட்டியதிலேயே அதிக விறைப்பான ஜோடியாகப் பார்த்து மாட்டினேன். முதல் இரண்டு வாரம் ஊரே என்னைப் பார்க்கிறது என்று நினைப்பு. அப்புறம் டேப்பெட் சத்தம் வந்தது. சரிசெய்தேன், மறுபடி வந்தது. மூன்றாவது முறை கேமை மூடியிருக்கும் டைமிங் கவரைக் கழற்றினேன். கேமின் மூக்கு தேய்ந்து மழுங்கியிருந்தது. டேப்பெட்டின் அடி, தட்டையாக இருக்க வேண்டியது, விரலால் தடவினால் பள்ளம் தெரிந்தது. விறைப்பான ஸ்பிரிங் தரும் பாரம் முழுக்க வந்து விழுவது அந்த ஒரு கோட்டில்தான். பழைய இன்ஜினில் அங்கே எண்ணெய் அழுத்தமாகப் பாய்வதில்லை, தெறித்து நனைப்பதோடு சரி. ஒரு கேம், ஒரு டேப்பெட், ஒரு மாதச் செலவு போயிற்று. தப்பு என்னுடையது, ஸ்பிரிங்குடையது அல்ல.

அதனால் இப்போது யார் கேட்டாலும் ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன் எடையைக் குறையுங்கள் என்பேன். வால்வு, அதன் தலையில் இருக்கும் ஸ்பிரிங் தொப்பி, ராக்கர் முனை, இவை ஆடும் எடை. குறைந்தால் அதே ஸ்பிரிங்கே போதும். ராக்கரை அரம் போட்டு இளைக்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யலாம், ஆனால் குறுக்கே ஒரு கீறல் விட்டாலும் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். நீளவாக்கில் தேய்த்து, கண்ணாடி மாதிரி மெருகேற்றிவிட்டு மாட்டுங்கள். ராக்கரைத் தாங்கும் பிளாக் இரண்டு பாதியாக இருக்கும். இரண்டும் சேர்த்துக் கடையப்பட்ட ஜோடி. காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்லெட் பக்கத்துப் பாதியை, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம் போட்டால் ராக்கர் இறுகும். கழற்றும்போதே அடையாளம் போடுங்கள்.

அடுத்து புஷ் ராடு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கம்பெனி போட்டது அலுமினியக் கலவை, முனைகளில் மட்டும் எஃகு. வளையும் என்று பயந்து முழு எஃகு ராடு போடுகிறவர்கள் உண்டு. குளிர்ந்த இன்ஜினில் அமைதியாக இருக்கும், பத்து கிலோமீட்டர் போனதும் தையல் மெஷின் மாதிரி தடதடக்கும். கணக்குப் பாருங்கள்: 200 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி 100 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 0.46 மில்லிமீட்டர் நீளும். எஃகு 0.24-தான். சிலிண்டர் இரும்பு, ஆனால் அது ராடைவிட அதிகமாகச் சுடும், மேலே மூடியாக இருக்கும் ஹெட்டோ அலுமினியம். இரண்டும் சேர்ந்து உயரும்போது எஃகு ராடு பின்தங்கிவிடும், இடைவெளி விழும். அலுமினிய ராடு கூடவே வளர்ந்து ஈடுகட்டும். அந்தக் காலத்தில் அந்த ராடைத் தேர்ந்தெடுத்தவர் மேல் எனக்கு மரியாதை கூடியது இதைப் புரிந்துகொண்ட பிறகுதான்.

எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். 2008-க்குப் பிறகு வந்த, கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் இன்ஜினில் அது உண்டு, சத்தமும் குறைவு. பழைய இன்ஜின் கூட்டில் டேப்பெட்டுக்கு அழுத்தத்தோடு எண்ணெய் போக வழியே இல்லை. வழி வெட்டிச் செய்வது வேறு வேலை, என்னைக் கேட்டால் வேண்டாம்.

உண்மையில் பலம் கூடுவது சத்தமில்லாத இடத்தில்: வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு, வால்வின் தலை வந்து உட்காரும் வளையமான சீட். கைடு தேய்ந்தால் வால்வு சாய்ந்து உட்காரும், எவ்வளவு நல்ல கேம் போட்டாலும் காற்று கசியும். எக்ஸாஸ்ட் சீட்டைக் கட்டாயம் பாருங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தில் நாடு முழுக்க நின்றது. அதுவரை சீட்டின் மேல் படிந்து காத்த ஈயம் இப்போது இல்லை. கடினமான சீட் வளையம் அடித்து, வால்வு தேய்க்கும் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வட்டம் வரும்வரை விடாதீர்கள். பிறகு வால்வுக்குப் பின்னால் இருக்கும் வழியான போர்ட்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். வால்வின் ஓரத்தில் ஈரம் கசிந்தால் மறுபடி பேஸ்ட்.

எல்லாம் மாட்டிய பிறகு டேப்பெட் சரிசெய்வது. சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரசரை அழுத்தி, கிக்கரை மெல்ல இறக்கி, இரண்டு வால்வும் மூடி பிஸ்டன் மேலே வந்து நிற்கும் கம்ப்ரஷன் உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். வலது பக்கச் சின்ன மூடியைத் திறந்தால் இரண்டு ராடும் தெரியும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தால் ராடு தாராளமாகச் சுழல வேண்டும், மேல்கீழ் ஆட்டம் மட்டும் தெரியக்கூடாது. எக்ஸாஸ்டுக்கு ஒரு துளி தளர்வு விட்டால் தவறில்லை. பூட்டு நட்டை இறுக்கியதும் இன்னொரு தடவை சுழற்றிப் பாருங்கள், இறுக்கும்போதே வைத்த அளவு நகர்ந்திருக்கும்.

புது பாகம் போட்ட வண்டியில் 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும். ஓட்டி வந்த சூட்டில் பார்க்காதீர்கள், அளவு ஏமாற்றும். இரவு நிறுத்திவிட்டு, காலையில் காபிக்கு முன்னால் மூடியைத் திறங்கள். ஸ்டார்ட் பண்ணிவிடாதீர்கள்.