உளோம், போகீர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

துன்ப நேரத்தில் மனிதனைத் தாங்குவது இறைவனின் கருணைமேல் வைக்கும் நம்பிக்கையா, சொந்த மனவலிமையா? நம்பிக்கைதான் என்று பேச வந்திருக்கிறேன். நாலைந்து குறிப்புகள் எழுதிக்கொண்டுதான் வந்தேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒன்று சொன்னார் பாருங்கள், அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

"கண்ணைப் பறித்துக்கொண்டு கையில் கோலைக் கொடுக்கிறவருக்குப் பெயர் கருணைக்கடலா?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். தம்பி எடுத்தது சுந்தரர் கதை. ஆனால் பாதியிலேயே இறங்கிவிட்டார். மீதியைச் சொல்லாமல் என்னால் உட்கார முடியாது.

சுந்தரர் யார்? சிவனைத் தோழன் என்று உரிமை கொண்டாடியவர். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, "உன்னைப் பிரிய மாட்டேன்" என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்கிறார். நாள் போகிறது, திருவாரூர் நினைவு இழுக்கிறது, கிளம்பிவிடுகிறார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விட்டன. அப்படியே தட்டுத் தடுமாறி நடந்து திருவெண்பாக்கம் கோயிலுக்கு வருகிறார். வாசலில் நின்று என்ன கேட்டார்? "கண்ணைக் கொடு" என்று கேட்டிருக்கலாம். அவர் பதிகத்தின் முதல் பாட்டைப் பாருங்கள். தப்புச் செய்தாலும் பொறுத்துக்கொள்வாய் என்று நம்பித்தானே தப்புச் செய்தேன், நீ இப்படிக் கண்ணை மறைத்துவிட்டாயே என்று முறையிட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். "கோயில் உளாயே?" உள்ளே இருக்கிறாயா?

உள்ளேயிருந்து பதில் வருகிறது. "உளோம், போகீர்."

தம்பி, உங்கள் காதில் "போகீர்" மட்டும் விழுந்திருக்கிறது. விரட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டீர்கள். அதற்கு முன்னால் ஒரு சொல் இருக்கிறதே, "உளோம்". இருக்கிறோம்.

அந்த இரண்டு சொல்லையும் எந்தக் குரலில் படிக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கோபமாகப் படித்துப் பாருங்கள், "இருக்கேன், போ!" கதவைச் சாத்துகிற குரல். இப்போது வேறு மாதிரி படிக்கலாம். மின்சாரம் போன ராத்திரி. சின்னக் குழந்தை உள்ளறையில் எதையோ எடுக்கப் போக வேண்டும். இரண்டு அடி வைக்கிறது, நிற்கிறது. "அம்மா, இருக்கியா?" "இருக்கேன், போ." இன்னும் இரண்டு அடி. "அம்மா, இருக்கியா?" "இங்கதான் இருக்கேன், நீ போ." அவள் விளக்கைப் போடவில்லை. இருட்டு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் குழந்தை நடக்கிறதே! எந்தத் தெம்பில் நடக்கிறது? இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் அந்த இருட்டில் நின்றவர்கள்தானே?

திருவெண்பாக்கத்தில் கேட்டது அந்தக் குரல்தான். உளோம், போகீர். நான் இருக்கிறேன், நீ நட.

மனவலிமை வேண்டும் என்கிறது எதிரணி. சரி, யார் வேண்டாம் என்றது? அவர் நடந்தார் ஐயா! கண் தெரியாமல், கோலை ஊன்றிக்கொண்டு காஞ்சிபுரம் வரை நடந்தார். அங்கே இடக்கண் வந்தது. அப்புறம் திருவாரூர். அங்கே போனவர் கும்பிட்டுவிட்டுச் சும்மா நின்றாரா? சண்டை போட்டார். உன்னைத் தவிர வேறு யாரையும் வேண்டாத அடியவர்கள், மூளாத் தீயைப் போல உள்ளுக்குள் கனன்று வந்து தங்கள் துன்பத்தைச் சொல்கிறார்கள், நீர் வாளா இருக்கிறீர், "வாழ்ந்து போதீரே" என்றார். நல்லா இருந்துட்டுப் போங்க என்று இன்றைக்கும் நாம் யாரிடம் சொல்கிறோம்? மனசு நொந்து, நம்மவர் என்று நினைத்தவரிடம்தான் சொல்கிறோம். இல்லாத ஒருவரோடு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வலக்கண் வந்தது அந்தக் கோபப் பாட்டுக்குத்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சுந்தரர் சத்தியத்தை மீறினார், கண் போனது. அதை வைத்து, துன்பப்படுகிறவர் எல்லாரும் ஏதோ தப்புச் செய்தவர்கள் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. வேதாகமத்தில் யோபு என்ற நல்ல மனிதர். பிள்ளைகள், சொத்து, உடல்நலம் எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். நண்பர்கள் மூன்று பேர் வந்து ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்தார்கள். அது நட்பு. அப்புறம் வாயைத் திறந்து, "நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்" என்றார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அந்த நண்பர்களைத்தான், தன்னிடம் வழக்காடிய யோபுவை அல்ல. திருக்குர்ஆனின் 94ஆம் அத்தியாயத்திலும், துன்பத்துடன் இலகுவும் இருக்கிறது என்று அடுத்தடுத்து இரண்டு வசனங்கள் சொல்கின்றன. துன்பத்துக்குப் பிறகு என்று இல்லை, துன்பத்துடன். கூடவே இருப்பதைத்தான் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள்.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன் ஐயா. இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

என் தம்பி தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்தொன்பது நாள் இருந்தான். அவன் எந்தச் சத்தியத்தையும் மீறியவன் இல்லை. எங்களை உள்ளே விட்டது ஒரு நாளைக்குச் சில நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் அம்மா அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ராத்திரி நடமாட்டம் அடங்கியதும் எழுந்து போய், கதவில் கையை வைத்து மெதுவாகக் கேட்பாள். "இருக்கியாப்பா?"

நான் ஒவ்வொரு தடவையும் அவள் தோளைப் பிடித்து, "இருக்காம்மா, மூச்சு இருக்கு, டாக்டர் சொன்னாரு" என்று சொல்லிக் கூட்டிவந்து உட்கார வைப்பேன். பத்தொன்பது ராத்திரியும் அப்படித்தான். இருபதாம் நாள் விடியும் நேரத்தில் தம்பி போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து பல நாள் கழித்து ஒரு சாயங்காலம், ஆற்றாமையில் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "தினமும் 'இருக்கியா, இருக்கியா'ன்னு கேட்டியேம்மா, அவன் காதுல விழுந்திருக்குமா?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அவனைக் கேக்கலையேடா" என்றாள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உள்ளே ஒரு கோபம், இந்த எதிரணித் தம்பிக்கு இருக்கிற அதே கோபம். "அப்போ, கேட்டவரு பதில் சொன்னாரா?" என்றேன்.

அவள் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"பதில் வராமலா இத்தனை ராத்திரி அங்க உக்காந்திருந்தேன்?" என்றாள்.

நடுவர் அவர்களே, என்னிடம் வேறு வாதம் இல்லை. வணக்கம்.