அலை அழிக்க அழிக்க

வணக்கம் நேயர்களே. கையில் பென்சிலும் தாளும் இருந்தால் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 7, 3, 9, 3, 9, 1, 3, 3. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.

இது ஒரு பகா எண். நம் கரையில் கூறு வைத்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு நண்டு இருந்தால் மும்மூன்றாக நாலு கூறு வைக்கலாம். பதின்மூன்று என்றால் ஒவ்வொன்றாகத்தான் வைக்க வேண்டும், இல்லை மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். அப்படிச் சமமாகப் பகுபடாததுதான் பகா எண். அவற்றுக்கு முடிவே கிடையாது என்று பழைய கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் எப்போதோ நிரூபித்துவிட்டார். அதனால் இந்த எண் பகா எண் என்பது மட்டும் அதிசயமில்லை.

அதிசயம் அதை அழிப்பதில் இருக்கிறது. மண்டபத்தில் பாக் விரிகுடாப் பக்கம், நாம் பெண் கடல் என்கிறோமே, அங்கே ஈரமணலில் குச்சியால் இந்த எண்ணை என் மாணவர்களுக்கு எழுதிக் காட்டினேன். கடைசி இலக்கம் தண்ணீர்ப் பக்கம். "அலை அழிச்சிரும் சார்" என்றாள் ஒரு பெண். அதற்குத்தான் காத்திருந்தேன். கடைசி 3 கரைந்தது. மிஞ்சிய 7393913 பகா எண். இன்னொரு 3 போனது. 739391, அதுவும் பகா எண். அப்புறம் 73939, 7393, 739, 73, 7. எட்டுமே பகா எண்கள்!

பிள்ளைகள் சும்மா நம்பவில்லை, 739-ஐப் பிடித்துக்கொண்டார்கள். 28-ஐ 28-ஆல் பெருக்கினாலே 784 ஆகிவிடுகிறது; ஆக 739 இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால், அவற்றில் ஒன்றாவது 28-க்குக் கீழே இருக்க வேண்டும். எனவே 23 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 2, 3, 5 பார்த்தவுடனே தள்ளுபடி. 7-ஆல் வகுத்தால் மீதி 4, 11-க்கு 2, 13-க்கு 11, 17-க்கு 8, 19-க்கு 17, 23-க்கு 3. எதிலும் மீதியின்றிப் போகவில்லை.

சரி, ஒன்பதாவது இலக்கம் சேர்க்க முடியுமா? இரட்டைப்படையும் 5-ம் ஆகாது. மிஞ்சுவது 1, 3, 7, 9. இலக்கங்களின் கூட்டுத்தொகை 38. 1 சேர்த்தால் 39, 7 சேர்த்தால் 45. இரண்டும் மூன்றால் வகுபடும், அதனால் அந்த எண்களும் மூன்றால் வகுபடும். 3-ம் 9-ம் சேர்த்தாலும் பகா எண் கிடைப்பதில்லை. அங்கே கதவு அடைத்துக்கொள்கிறது.

இந்தக் குணமுள்ள எண்கள் மொத்தமே 83தான். ஓரிலக்கத்தில் 4, ஈரிலக்கத்தில் 9, அப்புறம் 14, 16 என்று ஏறி, 15, 12, 8 என்று வற்றி, எட்டிலக்கத்தில் 5 மட்டும் நிற்கின்றன. அவற்றில் பெரியது நாம் எழுதிய எண். இன்னொன்று 37337999. பென்சிலைக் கீழே வைக்காமல், அதையும் வலப்பக்கமிருந்து ஒவ்வொன்றாக அழித்துப் பாருங்கள். வணக்கம்.