கட்டை விரல் கற்கும் பாடம்

நேயர்களுக்கு வணக்கம்.

உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களிடம் என்னென்ன செய்யத் தெரியும் என்று கேட்டால், டி.என்.ஏ. பிரித்தெடுப்பது, பி.சி.ஆர்., ஜெல் ஓட்டுவது என்று மளமளவென்று சொல்வார்கள். துளியிலும் சின்ன அளவுத் திரவத்தை அளந்து எடுக்கும் மைக்ரோபிப்பெட்டைக் கடைசியாக எப்போது கையில் பிடித்தாய் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். அவர்கள் மேல் தப்பில்லை. முப்பது பேருக்கு ஒரு பிப்பெட். ஆசிரியர் செய்து காட்டுவார், பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள், ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நானும் அப்படிப் பின்வரிசையில் நின்று எட்டிப் பார்த்தவள்தான். முதுகலையில் சேர்ந்த பிறகுதான் பிப்பெட் என் கைக்கு வந்தது.

அதற்கு முந்தைய தலைமுறை, கண்ணாடிக் குழாயில் திரவத்தை வாயால் உறிஞ்சித்தான் அளந்தது. 1957இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் என்ற மருத்துவர் அந்தச் சங்கடம் பொறுக்காமல், கட்டை விரலால் அழுத்தி அளக்கும் பிப்பெட்டை உருவாக்கினார். இன்று ஒரு மைக்ரோலிட்டரைக்கூட அதில் எடுக்கிறோம். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது.

பிப்பெட்டின் பொத்தானை அழுத்தினால் ஓரிடத்தில் லேசாகத் தட்டுப்படும். அது முதல் நிறுத்தம். இன்னும் அழுத்தினால் இரண்டாவது. முதல் நிறுத்தம் வரை அழுத்தியபடி, பிப்பெட்டின் முனையில் மாட்டிய பிளாஸ்டிக் டிப்பின் நுனியைத் திரவத்தில் தொட்டு, விரலை மெதுவாக விட வேண்டும். இரண்டாவது நிறுத்தம், திரவத்தை முழுவதும் வெளியே தள்ளுவதற்கு மட்டும்தான். புதியவர்கள் இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சுவார்கள். அளவு கூடிவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

இதைப் பழக விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 100 மில்லிகிராம் எடை இருக்கும். வேதியியல் துறையில் நான்கு தசமம் காட்டும் தராசு இருந்தால் கேட்டு வாங்கி, பத்து முறை தண்ணீர் எடுத்து எடை பாருங்கள். பத்தும் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும்வரை விடாதீர்கள். என் மாணவர்களை முதல் வாரம் முழுக்க இதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

அப்புறம் ஜெல். மின்சாரம் செலுத்தி டி.என்.ஏ. துண்டுகளை அளவு வாரியாகப் பிரிக்க உதவும் கூழ்ப் பலகை அது. அகரோஸ் ஜெல் என்றதும் எனக்கு மன்னார் வளைகுடாதான் நினைவுக்கு வரும். ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் பாசியில் அகர் தயாரிக்கிறார்கள். அகரோஸ் அந்த அகரிலிருந்து பிரிப்பது. அந்த ஜெல்லின் சின்னக் குழியில் நீலச் சாயம் கலந்த டி.என்.ஏ.வை இறக்க வேண்டும். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். டிப்பின் நுனி குழியின் வாய்க்குள் நுழைந்தால் போதும், அடியைக் குத்தக்கூடாது. சாயத்தோடு கிளிசராலும் இருப்பதால் கனத்துத் தானாக உள்ளே இறங்கும். கை நடுங்கினால் நீலம் புகைபோல மேலே கிளம்பி, ஜெல்லை மூடியிருக்கும் பஃபர் கரைசலில் கரைந்துவிடும். அப்படிப் பல குழிகளை நான் கோட்டை விட்டிருக்கிறேன்.

என்னை உண்மையில் உலுக்கியது, டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். கேரி மல்லிஸ் 1983இல் கண்டுபிடித்து, 1993இல் நோபல் பரிசு பெற்ற முறை. சுற்றுக்குச் சுற்று டி.என்.ஏ. இரட்டிப்பாகும். கணக்குப்படி முப்பது சுற்றில் ஒரு மூலக்கூறு நூறு கோடியைத் தாண்டிவிடும். தவறிக் கலந்த டி.என்.ஏ.வும் இப்படியே பெருகிவிடும். அதனால்தான், டி.என்.ஏ.வுக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்ட ஒரு குழாயையும் கூடவே வைப்பார்கள். அதில் எதுவும் வரக்கூடாது. என் முதல் ஜெல்லில் எல்லா இடத்திலும் அழகான பேண்ட், அதாவது டி.என்.ஏ. இருப்பதைக் காட்டும் கோடு, தெரிந்தது. தண்ணீர்க் குழாயிலும் தெரிந்தது! அதைக் கவனிக்காமல் நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். என் ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி செய்யம்மா" என்றார்.

மறுபடி செய்தேன், மறுபடியும் வந்தது. நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சின்ன டி.என்.ஏ. துண்டான பிரைமர், தண்ணீர், நொதி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டோம். கடைசியில் அவர் பக்கத்தில் நின்று என் கையைப் பார்த்தார். உறிஞ்சும்போது நான் விரலைப் படக்கென்று விட்டுக்கொண்டிருந்தேன். அப்படி விட்டால் திரவம் டிப்பைத் தாண்டி பிப்பெட்டுக்குள்ளேயே தெறிக்கும். உள்ளே ஒட்டிய டி.என்.ஏ., அடுத்தடுத்த குழாய்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

பிப்பெட்டைக் கழற்றித் துடைத்தோம். இரண்டு நாள் தண்ணீரை மட்டும் எடுத்து எடுத்து, விரலை மெதுவாக விடப் பழகினேன். மூன்றாம் முறை ஜெல்லைப் புற ஊதா விளக்கில் வைத்தபோது மற்ற இடங்களிலெல்லாம் பேண்ட் ஒளிர்ந்தது. தண்ணீருக்கான இடம் மட்டும் இருட்டாக இருந்தது. வெகுநேரம் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நன்றி, வணக்கம்.