ஒரு தவளை, நான்கு பதிவுகள்: பயோபேங்க் தரவுச் சொற்களை வரையறுப்பது எப்படி?

[திரையில்: 2 மில்லிலிட்டர் குழாய். லேபிளில் கையெழுத்தில் ‘தவளை 12, கால்’]

உயிரியல் மாதிரிகளைச் சேமித்து வைக்கும் பயோபேங்கில், ஃப்ரீசரிலிருந்து இப்படி ஒரு குழாய் கைக்கு வருகிறது. 12 என்பது தவளையின் எண்ணா, குழாயின் எண்ணா? கால் என்றால் உறுப்பா, கால் பங்கா? எழுதியவருக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கும். பத்து வருடம் கழித்துக் குழாயைத் திறப்பவருக்குத் தெரியாது. லேபிளில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் வரையறை.

முதலில் பிரிக்க வேண்டியது ‘மாதிரி’ என்ற சொல்லை. முழுத் தவளையும் மாதிரி, அதன் தசைத் துண்டும் மாதிரி, அதிலிருந்து எடுத்த டிஎன்ஏவும் மாதிரி என்று எழுதினால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும்.

[திரையில்: தவளை → தசை → டிஎன்ஏ → சிறு குழாய்கள்]

முழு உடல் வவுச்சர். இனம் எது என்று சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டிய சான்று அதுதான். தொடையிலிருந்து வெட்டிய தசை, திசு மாதிரி. அதிலிருந்து பிரித்தெடுத்த 100 மைக்ரோலிட்டர் கரைசல், டிஎன்ஏ மாதிரி. அதை 25 மைக்ரோலிட்டர் வீதம் நான்கு குழாய்களில் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு அலிகுவாட். நான்கு நிலைகள் என்றால் நான்கு வகைப் பதிவுகள். ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாள எண். ஒவ்வொரு பதிவும் ‘எதிலிருந்து வந்தேன்’ என்று தன் தாய்ப் பதிவின் எண்ணைச் சொல்ல வேண்டும்.

எண்ணுக்குள்ளேயே தகவலைத் திணிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு: இனப் பெயரின் முதல் எழுத்து, வருடம், பெட்டி எண். வேண்டாம். பெட்டி மாறும், இனப் பெயரும் மாறும். மாறாத ஒன்றே ஒன்று எண்ணாக இருக்கட்டும்.

இனப் பெயர் ஏன் மாறும்? அடையாளம் காண்பது ஒரு நிபுணரின் முடிவு. அவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்ற விவரத்தோடு அது வவுச்சரின் பதிவில் உட்காரட்டும். நான்கு குழாய்களுக்கும் அந்தப் பெயரை நகலெடுத்து ஒட்டிவிட்டால், வவுச்சரில் திருத்தியது குழாய்களுக்குப் போய்ச் சேராது. பழைய பெயரோடு டிஎன்ஏ வரிசை பொதுத் தரவுத்தளத்துக்குப் போய்விடும். நம் கணக்கில் இதுதான் மிக விலை கொடுக்க வைக்கும் தவறு.

பதப்படுத்திய முறை இதற்கு நேர் எதிர். அது ஒவ்வொரு பதிவிலும் தனித்தனியாக வேண்டும். உடலை ஃபார்மலினில் இறுக்கி, பிறகு 70 சதவீத எத்தனாலில் வைப்பார்கள், வடிவம் கெடாது. ஆனால் ஃபார்மலின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் என்பதால் தசையை முன்கூட்டியே வெட்டி 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில் போடுவார்கள். ஒரே தவளை, இரண்டு வரலாறு. ‘ஆல்கஹால்’ என்று மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

எனவே அதை மூன்று புலங்களாக, அதாவது பதிவில் தனித்தனிக் கட்டங்களாக, உடையுங்கள்: ஊடகம் (எந்தத் திரவத்தில் இருக்கிறது), செறிவு, தொடங்கிய தேதி. ஊடகத்தை மாற்றினால் அந்தத் தேதியும் வேண்டும். தசையிலிருந்து கசியும் நீர் எத்தனாலை நீர்க்கச் செய்வதால், ஒரு நாள் கழித்து அதை மாற்றுவது வழக்கம்.

வெப்பநிலையிலும் இதே கதை. ‘ஃப்ரீசர்’ என்பது −20 டிகிரியா, −80 டிகிரியா? எண் ஒரு புலம், அலகு இன்னொரு புலம். கழித்தல் குறிக்குப் பதில் நீளமான கோடு ஒட்டிக்கொண்டால் விரிதாள் அதை எண்ணாகப் பார்க்காது, எழுத்தாக வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தும்போதுதான் குட்டு உடையும்.

[திரையில்: 42 என்ற எண் மட்டும்]

டிஎன்ஏ செறிவு 42. எதில்? ஒரு மைக்ரோலிட்டருக்கு 42 நானோகிராம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அளந்த முறை வேண்டும். 260 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவை வைத்துக் கணக்கிட்டால் ஆர்என்ஏவும் சேர்ந்து எண்ணப்படும். இரட்டை இழை டிஎன்ஏவில் மட்டும் ஒட்டும் ஒளிர்சாயத்தால் அளந்தால் எண் பெரும்பாலும் குறையும். ஒரே குழாய்தான், இரண்டு எண்களும் சரி. 260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/280) 1.8 அருகே இருந்தால் புரதக் கலப்பு குறைவு என்று கொள்வார்கள். அதை எழுதும்போது அளந்த தேதியும் கூடவே போகட்டும்.

வெற்றுக் கட்டங்கள் தனித் தொல்லை. ‘சேகரிக்கவில்லை’, ‘பொருந்தாது’, ‘வெளியிடக் கூடாது’ மூன்றும் மூன்று செய்தி. அருகிவரும் இனத்தின் இருப்பிடத்தை மறைத்ததும், ஜிபிஎஸ் எடுக்க மறந்ததும் ஒன்றல்ல.

அனுமதி விவரத்துக்கும் தனிப் புலம் தேவை. மரபு வளங்களைப் பெறும் அனுமதி, அவற்றின் பலனைப் பகிர்தல் பற்றிய சர்வதேச ஒப்பந்தமான நகோயா நெறிமுறை 2014 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாதிரியை இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் முதல் கேள்வியே அனுமதியைப் பற்றித்தான் வரும். அனுமதியின் வகை, நிலை, எண் என்று பிரித்து எழுதினால் பதில் ஒரு நிமிட வேலை.

இவ்வளவையும் நீங்களே கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சேகரித்த இடம், தேதி, இனப் பெயருக்கு டார்வின் கோர் என்ற பல்லுயிர்த் தரவுத் தரநிலை 2009 முதல் இருக்கிறது. திசு, டிஎன்ஏ, பதப்படுத்தல், அனுமதி ஆகியவற்றுக்கு உலகளாவிய மரபணுப் பல்லுயிர் வலையமைப்பு, ஜிஜிபிஎன், தன் தரவுத் தரநிலையை 2016ல் வெளியிட்டது. முதலில் அங்கே தேடுங்கள். இல்லாததை மட்டும் சேர்த்து, வரையறை, அலகு, அனுமதித்த மதிப்புகள், ஒரு நல்ல எடுத்துக்காட்டு, முடிந்தால் ஒரு தவறான எடுத்துக்காட்டு ஆகியவற்றோடு எழுதுங்கள்.

எழுதியதைச் சோதிக்கப் பத்துக் குழாய்கள் போதும். இரண்டு பேரிடம் கொடுத்து, பேசிக்கொள்ளாமல் நிரப்பச் சொல்லுங்கள். இருவரும் ஒரு புலத்தில் வேறு வேறாக எழுதினால் அவர்களைக் குறை சொல்லாதீர்கள், வரையறையைத் திருத்துங்கள்.

[திரையில்: காலிக் குழாய்]

குழாய் காலியானால் பதிவை அழிக்கக் கூடாது. நிலையை ‘தீர்ந்தது’ என்று மாற்றி, தேதி போட்டு, எண்ணை அப்படியே விட்டுவையுங்கள். அதிலிருந்து பிறந்த வரிசைகள் இன்னும் அந்த எண்ணைத்தான் தாய் என்று சுட்டிக்கொண்டிருக்கும்.