முதலாளி நெருங்கிய நண்பராக இருந்தால் வேலையை எப்படி விடுவது? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லூரி நண்பர் ஆரம்பித்த பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஏழு வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது ஆர்டர்களை ஆரம்பம் முதல் ஷிப்மென்ட் வரை கவனிக்கும் வேலை. இப்போது வெளிநாட்டுப் பையர்களுக்காக, அதாவது சரக்கு வாங்குகிறவர்களுக்காக, ஆர்டர் கொடுக்கும் ஒரு பையிங் ஆபீஸில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது, முப்பது நாளில் சேரச் சொல்கிறார்கள். அம்மாவின் ஆபரேஷனுக்கு நண்பர்தான் இரண்டு லட்சம் கொடுத்தார், அதில் பாதி இன்னும் கழியவில்லை. அடுத்த மாதம் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம் வேறு. "அது முடிந்த பிறகு சொல்லலாமா? சொன்னால் துரோகம் என்று நினைப்பாரா?" என்று கேட்கிறார்.

விசேஷம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், தம்பி. இந்த வாரமே சொல்லிவிடுங்கள். கையில் ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டுதான் நம் வீட்டுப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தான் என்று பிறகு தெரியவந்தால், நீங்கள் வேலையை விட்டதைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக வலிக்கும். முன்கூட்டியே சொன்னால், கோபப்பட்டாலும் ஆறுவதற்கு அவருக்கு நாள் இருக்கிறது.

இன்னொன்று, உங்கள் நண்பர்கள் செட்டில் வேறு யாரிடமும் முதலில் சொல்லாதீர்கள். "உன்னிடம் சொல்லிவிட்டானா?" என்று மூன்றாவது ஆள் கேட்டு அவருக்குத் தெரியவே கூடாது. கம்பெனி கேபினில் வேண்டாம், அங்கே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது கதவைத் தட்டுவார்கள். ராத்திரி பார்ட்டியிலும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்கே போய், "டேய், தனியாக ஒரு விஷயம் பேசணும்" என்று கூப்பிட்டு உட்காருங்கள்.

அங்கே நீங்கள் சொல்லவேண்டியது முடிவை. "போகலாமா என்று யோசிக்கிறேன்" என்று ஆரம்பித்தால் அவர் நண்பராக உட்கார்ந்து உங்கள் மனதை மாற்றத்தான் பார்ப்பார். அது அவர் தப்பு இல்லை, ஆலோசனை கேட்டது நீங்கள். "பையிங் ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது, சேரப் போகிறேன், முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன் என்று பொய்க் காரணம் மட்டும் வேண்டவே வேண்டாம். திருப்பூர் சின்ன ஊர். பையருக்கும் தெரியும், துணிக்குச் சாயம் போடும் டையிங்காரருக்கும் தெரியும், பத்து நாளில் விஷயம் அவர் காதுக்குப் போய்விடும்.

சம்பளம் கூட்டித் தருகிறேன் என்று அவர் சொல்லக்கூடும். நீங்கள் போவது பணத்துக்காக மட்டும் என்றால் யோசிக்கலாம். ஆனால் அப்படிக் கூட்டிய சம்பளத்தை நண்பனிடமிருந்து மாதாமாதம் வாங்குவது எளிதில்லை. லேட்டாகப் போனால்கூட இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வரும்.

சரி, பேசியாயிற்று. மறுநாளே ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். "நமக்குள்ளே என்னடா லெட்டர்" என்பார். இருக்கட்டும், கொடுங்கள். கடைசி வேலை நாள் எது என்று எழுத்தில் இருந்தால்தான் "இந்த ஷிப்மென்ட் போகட்டும், அடுத்த ஆர்டர் போகட்டும்" என்று இழுக்காது. நட்பில் சேர்ந்ததால் உங்களிடம் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரே இல்லாமல் இருக்கலாம். இருந்தால் அதில் போட்டிருக்கும் நோட்டீஸ் காலத்தைப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு மாதமாவது கொடுத்துவிடுங்கள்.

அந்த ஒரு மாதத்தில் நீங்கள் செய்கிற வேலைதான் துரோகமா இல்லையா என்பதற்குப் பதில். எந்த ஸ்டைலுக்கு சாம்பிள் அப்ரூவல் வந்திருக்கிறது, எந்தக் கலருக்கு லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) பாக்கி, வெளியே கூலிக்கு வேலை செய்து தரும் எந்த ஜாப் ஒர்க்காரரிடம் எத்தனை பீஸ் நிற்கிறது, எல்லாவற்றையும் எழுதிக் கையில் கொடுங்கள். உங்கள் இடத்துக்கு வருகிறவரைப் பையர்களிடம் நீங்களே அறிமுகப்படுத்துங்கள். பையர்களின் விலை விவரம் ஒன்றுகூட உங்களோடு வெளியே போகக் கூடாது.

கடனைப் பற்றி அவர் கேட்பதற்கு முன் நீங்களே பேசுங்கள். பாக்கி எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அதைப் பணிக்கொடையோடு, அதாவது கிராஜுவிட்டியோடு வாய்ப்பேச்சாகக் கழிக்காதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தவருக்கு அது உரிமை. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆலும் வருடங்களாலும் பெருக்கி, 26-ஆல் வகுக்கவேண்டும். 30,000 என்று வைத்தால் ஏழு வருடத்துக்கு ஏறக்குறைய 1,21,000 ரூபாய். பாதிச் சம்பளம் வங்கியில், பாதி கையில் என்று வாங்கியிருந்தால் கணக்கு இடிக்கும். அதைக் கடிதம் கொடுக்கும் போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அப்புறம், பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் விலகிய தேதியைக் கம்பெனி பதிவு செய்யவேண்டும். அவர் மறந்துவிட்டால், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்து பி.எஃப்.பின் யு.ஏ.என். போர்ட்டலில், அதாவது இணையதளத்தில், நீங்களே பதிவு செய்யலாம். அதற்காக அவருக்குத் திரும்பத் திரும்பப் போன் போடத் தேவையில்லை.