கோஃபர்ஸ் புகழ் யாரால்? பயிற்சியாளர்களால்தான்!

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் வந்து அரங்கையே அதிர வைத்துவிட்டுப் போன எதிரணி நண்பருக்கும், இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கும் ஹாக்கி ரசிகர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு எல்லாருக்கும் தெரியும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கி அணி, நாம் செல்லமாகக் கோஃபர்ஸ் என்று சொல்கிற அணி, இவ்வளவு பேரும் புகழும் பெற்றதற்குப் பெரிதும் காரணம் வீரர்களா, பயிற்சியாளர்களா? வீரர்களே என்று பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கினார். பயிற்சியாளர் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் நிற்கிறார், ஆட்டத்தின் வட்டத் தட்டான பக்கை ஒரு தடவைகூடத் தொடுவதில்லை, அப்படிப்பட்டவர் எப்படி ஐயா கோப்பையை ஜெயித்துக் கொடுப்பார் என்றார். நியாயமான கேள்விதான், நேராகவே பதில் சொல்கிறேன்.

நண்பர் கல்லூரி ஹாக்கியைத் தொழில்முறை ஹாக்கி மாதிரி நினைத்துப் பேசினார். வட அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்ஹெச்எல்லில் ஒரு அணிக்கு நல்ல வீரர் கிடைத்தால் பத்துப் பதினைந்து வருடம் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வேறு அணியிலிருந்து மாற்றி வாங்கலாம். கல்லூரியில் பையன் வருவதே நாலு வருடத்துக்கு. அதிலும் பில் கெஸல் மாதிரி கெட்டிக்காரன் என்றால் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டுக் கிளம்பிவிடுவான். அப்படியானால் இந்த அணியில் வருடத்துக்கு வருடம் கலையாமல் இருப்பது என்ன? யாரை உள்ளே விடுவது, யாரை விடக்கூடாது, வந்தவனை என்னவாக ஆக்குவது என்று அந்த வாசலில் நின்று முடிவெடுக்கிற ஆள். கோஃபர்ஸ் வரலாறு என்பது அந்த வாசலின் வரலாறுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி முதலில் எடுத்த பெயர் ஜான் மயாசிச். எடுக்கத்தான் வேண்டும். 111 ஆட்டம், 144 கோல், கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து மொத்தம் 298 புள்ளி. எழுபது வருடம் ஆகிவிட்டது, இன்னும் ஒருத்தரும் கிட்டப் போகவில்லை. அவருடைய 8ஆம் எண் சட்டையை வேறு யாருக்கும் தருவதில்லை. சுரங்க ஊரான எவலெத்தில் பிறந்தவர், அவர் படித்த காலத்தில் அந்தப் பள்ளி 1948 முதல் 1951 வரை நாலு வருடமும் மாநிலக் கோப்பையைத் தூக்கியது. "இவரை எந்த கோச் செய்தார், செய்து முடித்துத்தானே வந்தார்" என்று நண்பர் கேட்டார். ஒத்துக்கொள்கிறேன், மயாசிச்சை யாரும் செய்யவில்லை. ஆனால் அவரை வைத்துக்கொண்டு கோஃபர்ஸ் 1953லும் 1954லும் இறுதி ஆட்டத்துக்குப் போய் இரண்டிலும் தோற்றது. அதில் 1954 தோல்வி கூடுதல் நேரத்தில், ஆர்பிஐ என்ற கல்லூரியிடம், 5-4. இந்தக் கல்லூரி கண்டதிலேயே பெரிய வீரர் இருந்தும் கோப்பை வரவில்லை.

அப்போது பயிற்சியாளர் ஜான் மரியூச்சி. அவரும் எவலெத்காரர்தான். சிகாகோ பிளாக்ஹாக்ஸில் தடுப்பாட்டக்காரராக ஆடியவர், அமெரிக்கர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்த காலத்து என்ஹெச்எல் அது. "அவரும் தோற்றாரே, அப்புறம் உங்கள் கட்சிக்கு அவர் எப்படி சாட்சி" என்று எதிரணி கேட்கலாம். கேளுங்கள், இவர்தான் என் முதல் சாட்சி.

அந்தக் காலத்தில் கல்லூரி ஹாக்கியில் ஜெயிக்கக் குறுக்கு வழி ஒன்று இருந்தது. கனடாவில் ஜூனியர் லீக்குகளில் வருடக்கணக்கில் ஆடித் தேறிய, வயது கூடிய வீரர்களைக் கூட்டிவந்து கல்லூரிச் சட்டையை மாட்டிவிடுவது. பள்ளியை முடித்துவிட்டு நேராக வரும் பதினெட்டு வயது உள்ளூர்ப் பையன் அவர்கள் முன்னால் என்ன செய்வான்? மரியூச்சி இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. அவருக்குக் கனடாக்காரர்கள் மேல் பகை எதுவும் கிடையாது, கனடாவின் சூ செயின்ட் மேரியிலிருந்து வந்த லூ நானி என்ற வீரர் அவரிடம்தான் ஆடினார். ஊர்ப் பையனின் இடத்தை வயது கூடியவர்கள் பிடிப்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. 1958இல் மினசோட்டாவும் மிச்சிகனிலிருந்த மூன்று கல்லூரிகளும் லீகை விட்டே வெளியேற, அந்த லீகே கலைந்துபோனது. அப்படி ஆள் பிடித்த டென்வர் பல்கலைக்கழகத்தோடு தன் அணி ஆடாது என்று நின்றார். யோசித்துப் பாருங்கள், அந்த வருடம் தேசியக் கோப்பையை ஜெயித்ததே டென்வர்தான். மற்றவர்களைப் போல அவரும் ஆள் பிடித்திருந்தால் நாலு கோப்பை வந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய் ரிங்க், அதாவது பனி ஆடுகளம், கட்டுங்கள், பையன்களை ஆட விடுங்கள் என்று பேசிக்கொண்டு திரிந்தார். இன்றைக்கு மினசோட்டாவில் முதல் பிரிவில் ஆடும் ஆண்கள் கல்லூரி அணிகள் மட்டும் ஆறு. அந்த ஆறுக்கும் பையன்கள் கிடைக்கிறார்கள் என்றால் அதற்கு வழி போட்டவர்களில் முதல் ஆள் அவர். நாம் சனிக்கிழமை ராத்திரி போய்க் கத்துகிற அரங்கத்தின் பெயரிலேயே மரியூச்சி இருக்கிறார், சும்மா வைக்கவில்லை.

அவருடைய பையன்களில் ஒருவர் செயின்ட் பாலில் பிறந்த ஹெர்ப் புரூக்ஸ். 1960 ஒலிம்பிக் அணியிலிருந்து கடைசி நேரத்தில் கழற்றிவிடப்பட்டவர். அந்த அணி தங்கம் வாங்கியதை வீட்டிலிருந்து பார்த்தவர். 1972இல் அவர் கோஃபர்ஸ் பொறுப்பை ஏற்றபோது அணி லீகில் கடைசி இடத்தில் கிடந்தது. இரண்டே சீசனில், 1974இல், இந்தக் கல்லூரியின் முதல் தேசியக் கோப்பை. 1976இல் இன்னொன்று, 1979இல் மூன்றாவது. ஏழு வருடத்தில் மூன்று, அதுவும் பெரும்பாலும் மினசோட்டாப் பையன்களை வைத்துக்கொண்டு! இதே மாநிலம், இதே ரிங்க், இதே பள்ளிகள். மாறியது பெஞ்சுக்குப் பின்னால் நின்ற ஆள்.

அவர் எப்படி வேலை வாங்கினார் என்பதற்கு ஒரு பயிற்சியைச் சொல்கிறேன், இங்கே ஹாக்கி ஆடும் பிள்ளைகளைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். கோல் கோட்டில் நிற்க வேண்டும். விசில் ஊதியதும் பக்கத்து நீலக் கோடு வரை பாய்ந்து, பனியைச் சீவிக்கொண்டு நின்று, திரும்பி கோல் கோட்டுக்கு வர வேண்டும். உடனே நடுச் சிவப்புக் கோடு வரை, திரும்பி வா. அப்புறம் தூரத்து நீலக் கோடு, திரும்பி வா. கடைசியாக எதிர்முனைக் கோல் கோடு வரை போய்த் திரும்ப வேண்டும். இது ஒரு தடவை. மூச்சு அடங்குவதற்குள் அடுத்த விசில். இதற்கு இன்றும் பெயர் "ஹெர்பி". 1979 செப்டம்பரில் நார்வேயோடு 3-3 என்று அசட்டையாக ஆடி முடித்த, அவர் பயிற்சியளித்த அமெரிக்க ஒலிம்பிக் அணியை, ஆட்டம் முடிந்த கையோடு அதே பனியில் நிறுத்தி இதைத்தான் செய்ய வைத்தார். ரிங்க்காரர்கள் விளக்கை அணைத்த பிறகும் விசில் ஓயவில்லை. அந்த அணிதான் 1980 பிப்ரவரி 22 அன்று லேக் பிளாசிடில் சோவியத் யூனியனை 4-3 என்று சாய்த்தது. இருபது பேரில் ஒன்பது பேர் கோஃபர்ஸ்.

"பார்த்தீர்களா, தன் பையன்களையே பொறுக்கிப் போட்டார்" என்று எதிரணியிலிருந்து ஒரு குரல் வந்தது. சரி, ஸ்டீவ் ஜனாசாக்கின் கதையைக் கேளுங்கள். 1979 கோப்பையில் கோஃபர்ஸ் கோல்கீப்பர் அவர்தான், அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அடுத்த வருடம் ஒலிம்பிக்கில் புரூக்ஸ் கோலில் நிறுத்தியது யாரை? பாஸ்டன் பல்கலைக்கழகத்து ஜிம் கிரெய்க்கை. 1976 அரையிறுதியில் கோஃபர்ஸோடு கைகலப்பே நடந்த கல்லூரி அது! தனக்குக் கோப்பை வாங்கித் தந்த சொந்தப் பையன் அந்தப் போட்டியில் ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. எனக்கு ஜனாசாக்கை நினைத்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முடிவை எடுக்கிற கல்நெஞ்சு எந்த வீரரிடமும் எதிர்பார்க்க முடியாதது. அது பயிற்சியாளருடைய சுமை.

எதிரணி ரொம்ப நம்பிக்கையோடு எடுத்த இன்னொரு பெயர் நீல் பிராட்டன். 1979 இறுதி ஆட்டத்தில் நார்த் டகோட்டாவை 4-3 என்று வென்ற கோல் அவருடையது, கனடா எல்லையோர ரோசோவிலிருந்து வந்த முதலாண்டுப் பையன் அப்போது. அருமையான வீரர், மறுக்கவே மாட்டேன். அவர் ஒலிம்பிக் தங்கத்தோடு திரும்பி வந்து 1980-81இல் மறுபடியும் கோஃபர்ஸுக்கு ஆடினார். கூடவே தம்பி ஆரன் பிராட்டன், அந்த ஒரே சீசனில் 106 புள்ளி எடுத்தவர். அண்ணனுக்கு அந்த வருடம் புதிதாகத் தொடங்கிய ஹோபி பேக்கர் விருது, நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் என்று. இப்படி இரண்டு பேர் ஒரே அணியில்! இறுதி ஆட்டத்தில் என்ன ஆயிற்று? விஸ்கான்சினிடம் 6-3 என்று தோல்வி. அதே நீல், இன்னும் தேறிய நீல், ஆனால் பெஞ்சில் புரூக்ஸ் இல்லை. எதிரே விஸ்கான்சின் பெஞ்சில் நின்றவர் யார் தெரியுமா? பாப் ஜான்சன். மினியாபொலிஸ்காரர், மரியூச்சியிடம் கோஃபர்ஸில் ஆடி வளர்ந்தவர். ஆக அன்றைக்கு மினசோட்டாவை வென்றதும் மரியூச்சி பள்ளியில் படித்த ஒரு பயிற்சியாளர்தான்.

இப்போது எங்கள் கட்சிக்குச் சங்கடமான பெயருக்கு வருகிறேன், ஒளிக்க விரும்பவில்லை. பயிற்சியாளர் டக் வோக். பதினான்கு சீசன், ஏறக்குறைய 390 வெற்றி, ஆறு தடவை கடைசி நான்கு அணிகளில் ஒன்று, கோப்பை மட்டும் இல்லை. 1989இல் சொந்த மண்ணில், செயின்ட் பாலில், ஹார்வர்டோடு கூடுதல் நேரம். ராண்டி ஸ்கார்டா அடித்த பக் கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது, கொஞ்ச நேரத்தில் ஹார்வர்ட் கோல் போட்டு 4-3 என்று முடித்துவிடுகிறது. கம்பத்தில் பட்டதற்குப் பயிற்சியாளர் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்த ஒரு பக்கை விட்டுவிட்டுப் பதினான்கு வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள். வோக்கும் மரியூச்சியின் மாணவர், மினசோட்டாப் பையன்களை மட்டுமே எடுப்பேன் என்ற கொள்கையில் குருவைவிட இறுக்கமாக நின்றவர். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன், இந்த மாநிலமே அவரை நேசித்ததற்கு அதுதான் காரணம். ஆனால் புரூக்ஸ் காலம் வேறு. வோக் காலத்தில் செயின்ட் கிளவுட் முதல் பிரிவுக்கு வந்துவிட்டது, அதற்கு வழி செய்ய 1986-87இல் அங்கே ஒரு வருடம் பயிற்சியாளராக இருந்தவரே புரூக்ஸ்தான். துலூத், விஸ்கான்சின், நார்த் டகோட்டா எல்லாரும் இதே பையன்களைத்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். வாசலைக் குறுக்கி வைத்தால் அதற்கு ஒரு விலை உண்டு. வைத்தவர் பயிற்சியாளர், விலை கொடுத்தது அணி. இதுவும் என் கட்சிக்கான சாட்சிதான், நடுவர் அவர்களே.

1999இல் டான் லூசியா பயிற்சியாளராக வந்தார். ஜானி போல், கோல்கீப்பர் ஆடம் ஹவுசர் எல்லாம் வோக் காலத்திலேயே வந்துவிட்ட பையன்கள். வோக்கின் கடைசி சீசனில் இவர்கள் இருந்தும் அணிக்கு வெற்றியைவிடத் தோல்வி அதிகம். "பையன்கள் வயசு ஏறித் தேறினார்கள்" என்று எதிரணி சொல்லும். தேறினார்கள், யார் கையில்? அதோடு லூசியா வாசலைக் கொஞ்சம் திறந்தார். நார்த் டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸிலிருந்து கிராண்ட் பொட்டூல்னி என்ற பையனை எடுத்தார், அணியில் மினசோட்டாவைச் சேராத ஒரே ஆள். 2002 ஏப்ரல், செயின்ட் பால், மெய்னோடு இறுதி ஆட்டம். 3-2 என்று பின்தங்கி, முடிய 53 வினாடி இருக்கும்போது மேட் கோவால்ஸ்கா சமன் செய்கிறார். கூடுதல் நேரத்தில், மெய்ன் ஒரு ஆள் குறைவாக நிற்கும் பவர் பிளேயில், கோலை அடித்து 23 வருடப் பஞ்சத்தை முடித்தது யார்? அந்த வெளியூர்ப் பையன் பொட்டூல்னி!

மறு வருடம் ஆஸ்திரியாவைச் சேர்ந்த தாமஸ் வானெக், முதலாண்டிலேயே 31 கோல், 62 புள்ளி, மறுபடி கோப்பை. "அது வானெக் தனியாளாக ஜெயித்த கோப்பை" என்றார் நண்பர். இருக்கட்டும். ஐந்து வருடம் முன்னால் அதே வானெக் வந்து கதவைத் தட்டியிருந்தால் கோஃபர்ஸ் சட்டை கிடைத்திருக்குமா?

பெண்கள் அணியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரும் தொடவில்லை. 2012-13இல் 41 ஆட்டம், 41 வெற்றி. அமாண்டா கெஸல் அந்த வருடம் 101 புள்ளி. அமாண்டாவால்தான் எல்லாம் என்று தோன்றும். 2015இல் அவர் களத்தில் இல்லை, பிராட் ஃபிராஸ்ட் பயிற்சியில் கோப்பை அப்போதும் வந்தது.

மணி அடித்துவிட்டார்கள், அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி. வீரர்கள் போதும் என்கிறீர்கள். 1979 கோப்பைக்கும் 2002 கோப்பைக்கும் நடுவில் கோஃபர்ஸுக்கு மூன்று ஹோபி பேக்கர் விருது வந்தது. 1981இல் நீல் பிராட்டன், 1988இல் ராப் ஸ்டாபர், 1996இல் பிரையன் போனின். நாட்டிலேயே சிறந்த வீரர் மூன்று தடவை நம்மிடம் இருந்தார், ஒரு தடவைகூடக் கோப்பை வரவில்லையே, ஏன்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் தன் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.