கட்டைவிரல் மடிந்தால் என்ன பொருள்? வீடியோ காலில் நடக்கும் சமூகப் பணி

வணக்கம். உங்கள் வலது கையை இந்தத் திரைக்கு நேராகத் தூக்குங்கள். உள்ளங்கை என்னைப் பார்க்கட்டும். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களையும் அதன்மேல் மூடுங்கள். அவ்வளவுதான். "எனக்கு உதவி தேவை, என்னைக் கவனியுங்கள்" என்று, பக்கத்தில் இருப்பவர் காதில் ஒரு சொல்லும் விழாமல் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். இதைப் பேருந்தில் அமர்ந்து பார்ப்பவர்கள் தயவுசெய்து கையை இறக்கிவிடுங்கள். நடத்துநர் பதறிவிடப் போகிறார்.

[காட்சி: கை மூடும் அசைவு, மெதுவாக]

2020 ஏப்ரலில், ஊரடங்கு உலகத்தையே வீட்டுக்குள் பூட்டியிருந்த நேரத்தில், கனேடியன் விமன்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இந்தச் சைகையை வெளியிட்டது. அடிப்பவரோடு ஒரே வீட்டில் அடைபட்ட பெண், வீடியோ காலில் யாருடனாவது வேறு ஏதோ பேசிக்கொண்டிருப்பதுபோலவே இதைக் காட்டிவிடலாம். குறுஞ்செய்தியைப் போலவோ அழைப்புப் பட்டியலைப் போலவோ இது கைப்பேசியில் தடயம் எதையும் விட்டுவைக்காது.

என்னை வியக்க வைத்தது அடுத்து நடந்ததுதான். வீடியோ காலுக்காகவே உருவான இந்தச் சைகையை, 2021 நவம்பரில் அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில், ஓடும் காருக்குள்ளிருந்து ஒரு பதின்வயதுச் சிறுமி காட்டினாள். பின்னால் காரில் வந்தவர் அதை அடையாளம் கண்டு காவல்துறையை அழைக்க, சிறுமி மீட்கப்பட்டாள். அவள் அதைக் கற்றுக்கொண்டது டிக்டாக்கில். கைப்பேசித் திரைக்காகப் பிறந்த சைகைக்கு அன்று கார்க் கண்ணாடியே திரையாகிவிட்டது.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். இந்தச் சைகையைப் பார்த்ததும் காவல்துறையை அனுப்பியே ஆக வேண்டும் என்பது பொருளல்ல. "பாதுகாப்பான வழியில் என்னைத் தொடர்புகொள்ளுங்கள்" என்பதே அதன் பொருள். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேட்டு, என்ன தேவை என்பதை அவர் வாயாலேயே அறிய வேண்டும். ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் தயங்காமல் 112. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.

சரி, இந்தச் சைகைக்கு ஏன் தேவை வந்தது? வீடியோ கால் முகத்தைக் காட்டுகிறது, அறையைக் காட்டுவதில்லை என்பதால்தான். சமூகப் பணியில் பாதி விஷயம் அறையில்தான் இருக்கிறது. வீட்டுக்கு நேரில் செல்லும் அனுபவமுள்ள பணியாளர் முதலில் எதைப் பார்ப்பார் தெரியுமா? வாசலில் கிடக்கும் செருப்புகளை. "நானும் குழந்தையும் மட்டும்தான் இருக்கிறோம்" என்று சொல்லும் வீட்டின் வாசலில் ஆண் செருப்பு ஒரு சோடி கிடந்தால், அன்றைய பேச்சு மழையைப் பற்றியும் ரேஷன் அட்டையைப் பற்றியும் நடந்து முடியும். உண்மையான பேச்சு இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போகும். அடுப்பு இன்று எரிந்ததா, குழந்தையின் புத்தகப்பை எங்கே தொங்குகிறது, தாத்தாவின் மாத்திரை அட்டையில் எத்தனை மாத்திரைகள் பிரிக்கப்படாமல் இருக்கின்றன என்பதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கண்ணால்தான் பார்க்க வேண்டும். கேமராவோ கழுத்துக்கு மேலே மட்டும் காட்டிவிட்டு, பின்னணியை மங்கலாக்கும் வசதியையும் கூடவே தருகிறது.

ஆகவே, இந்த வேலையை வீடியோவில் செய்பவர்கள் செருப்புகளை எண்ணுவதற்கு மாற்று வழிகள் வைத்திருக்கிறார்கள். அழைப்பு இணைந்தவுடன், "இப்போது எந்த இடத்திலிருந்து பேசுகிறீர்கள்?" என்று கேட்டு முகவரியைக் குறித்துக்கொள்வார்கள், நடுவில் ஏதாவது நேர்ந்தால் உதவியை அனுப்ப இடம் தெரிந்திருக்க வேண்டும். முந்தைய சந்திப்பிலேயே ஒரு சாதாரணச் சொற்றொடரை இருவருமாக முடிவு செய்திருப்பார்கள். "தோசை மாவு புளித்துவிட்டது" என்று அந்தப் பெண் சொன்னால், பக்கத்தில் ஆள் வந்துவிட்டார் என்று பணியாளர் புரிந்துகொண்டு பேச்சை மாற்றுவார். அழைப்பு அறுந்தால் யார், எவ்வளவு நேரம் கழித்து, எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி வைப்பார்கள். இவற்றில் பலன் மிகுந்ததும் செலவு குறைந்ததும் ஹெட்போன் என்பது என் கருத்து. கேள்வி அந்தப் பெண்ணின் காதில் மட்டும் விழும். அறையில் இருப்பவருக்குக் கேட்பது "ஆமாம்", "இல்லை", "சரிங்க மேடம்" மட்டுமே.

இப்போது நீதிமன்றத்துக்குப் போவோம். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று இருக்கிறது. குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984, விசாரணையை 'இன் கேமரா' முறையில் நடத்த வழி செய்கிறது. கேமராவுக்கு முன்னால் என்பது இதன் பொருள் அல்ல. லத்தீனில் கேமரா என்றால் அறை. வெளியார் எவரும் இல்லாத மூடிய அறையில் நடக்கும் விசாரணை அது. அப்படியானால் இன் கேமரா விசாரணையைக் கேமரா வழியாக நடத்தலாமா? சிரிக்காதீர்கள், உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரே ஆண்டில் இரண்டு விடைகள் சொன்னது. தம்பதியர் வெவ்வேறு ஊர்களில் இருக்கும்போது காணொலிக் காட்சி உதவும் என்று 2017 மார்ச்சில் ஓர் அமர்வு கூறியது. அதே ஆண்டு அக்டோபரில், சாந்தினி எதிர் விஜய வெங்கடேஷ் வழக்கில், மூன்று நீதிபதிகளில் இருவர் அதை மறுத்தார்கள். சமரச முயற்சி தோற்ற பிறகு இரு தரப்பும் சேர்ந்து கேட்டால் பார்க்கலாம், அதற்கு முன் நேரில்தான் என்பது அவர்களின் நிலைப்பாடு. நீதிபதி சந்திரசூட் உடன்படவில்லை. கைக்குழந்தையோடு ரயில் ஏறி வேறு மாநிலத்துக்கு வர வேண்டிய பெண்ணை நினைத்தால், சந்திரசூட் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனால் அந்த மூடிய அறைக்குள் மாமியார் நின்று கேட்கிறாரா என்பதைக் கேமரா சொல்லாது என்று யாராவது வாதிட்டால், என்னிடம் முழுமையான பதில் இல்லை.

பிறகு ஊரடங்கு வந்தது, வாதம் ஒத்திவைக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 3 அன்று, காப்பகக் குழந்தைகள் தொடர்பான உத்தரவில், குழந்தைகள் நலக் குழுக்கள் இணையவழி அமர்வுகளைப் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே கூறியது.

அறைச் சிக்கலை ஓரளவுக்கு நேர்மையாக எதிர்கொண்டது 2022-இல் வந்த ஏற்பாடு. வெளிமாநிலத்துக்குக் கடத்தப்பட்டு மீட்கப்பட்ட குழந்தை, சாட்சி சொல்வதற்காக மீண்டும் அந்த ஊருக்கே பயணம் செய்ய வேண்டியதில்லை. சொந்த மாவட்டத்தில் நீதிமன்ற வளாகத்திலோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலோ அமர்ந்து காணொலியில் பேசலாம். குழந்தையின் பக்கத்தில் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். அறையில் வேறு யாரும் இல்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு. கேமராவால் எண்ண முடியாத செருப்புகளை எண்ண அங்கே ஓர் ஆள் அமர்த்தப்பட்டிருக்கிறார்.

மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 சேவையிலும் 2024 அக்டோபரில் வீடியோ ஆலோசனை தொடங்கியது; முதலில் வந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

களத்தில் பணிபுரியும் ஆற்றுப்படுத்துநர்களும் குழந்தைகள் பாதுகாப்பு அலகினரும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், வீடியோவில் அறையை அறிய நீங்கள் கையாளும் வழியைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். உதவி பெற்றவரின் பெயரோ ஊரோ வேண்டாம். நீங்கள் முடிவு செய்து வைத்திருக்கும் அந்த 'மாவு புளித்துவிட்டது' சொற்றொடரையும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். கருத்துப் பகுதியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.